கரைவேட்டிக்கு என்ன குணம்?

தமிழ்நாட்டில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். திமுககாரனுக்கு வாய் ஜாஸ்தி, ஆட்சி வந்தா ஆடுவான். அதிமுககாரன் வெள்ளந்தி, ஆனா கார் டயரைப் பார்த்தே கும்பிடு போடுவான். காங்கிரஸ்காரன் வெளியில மரியாதையா இருப்பான், சத்தியமூர்த்தி பவனுக்குள்ள போனா வேட்டி கிழியும். கம்யூனிஸ்ட் நல்லவன், உண்டியல் குலுக்குவான், ஓட்டு மட்டும் விழாது. நாம் தமிழர் தம்பி பேச ஆரம்பிச்சா கழுத்து நரம்பு புடைக்கும். விஜய் கட்சிப் பையன் கண்ட கம்பத்துல எல்லாம் ஏறுவான்.

சொல்கிறவர் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். ஆனால் அந்தக் குரலில் ஜாதகம் கணிக்கிறவரின் நிச்சயம் இருக்கிறது. ராசிக்கு ஒரு குணம் போல கட்சிக்கு ஒரு குணம். எட்டு கோடி பேர் இருக்கிற மாநிலத்தை அஞ்சாறு கட்டத்துக்குள் அடைத்துவிட்ட நிம்மதி.

இணையத்தில் இதே ஜாதகத்துக்கு வேறு பெயர்கள். '200 ரூபா ஊபி', 'அடிமை', 'சங்கி', 'தம்பி', 'அணில்', 'தற்குறி'. இந்த வசைகளில் பெரும்பாலானவை ஒரு கட்சியின் கொள்கையையோ ஆட்சியையோ தொடுவதே இல்லை. 200 ரூபாய் என்றால், உன் கருத்து உன்னுடையது இல்லை, விலைக்கு வாங்கியது. அடிமை என்றால் உனக்கு முதுகெலும்பு கிடையாது. அணில் என்றால் நீ இன்னும் சின்னப்பிள்ளை. நீ சொல்வது தப்பு என்று யாரும் சொல்வதில்லை. நீ பேசத் தகுதியான ஆளே இல்லை என்கிறார்கள். வாதத்துக்குப் பதில் சொல்லும் வேலை அத்தோடு மிச்சம்.

இந்தக் குணப்பட்டியல் எங்கிருந்து வந்தது, அது என்ன வேலை செய்கிறது, நம் சினிமாவும் இலக்கியமும் அதற்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றியிருக்கின்றன என்பதைப் பார்க்கலாம் என்று இந்தக் கட்டுரை.

*

முதலில் வேட்டி. திமுக கரை கறுப்பு, சிவப்பு. அதிமுக கரை கறுப்பு, வெள்ளை, சிவப்பு. நடுவில் ஒரு வெள்ளை இழை, அவ்வளவுதான் வித்தியாசம். 1949இல் தொடங்கிய கட்சியிலிருந்து 1972இல் பிரிந்த கட்சி. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி கதை இது. 1972 அக்டோபருக்கு முந்தைய வாரம்வரை ஒரே கிளைக்கழகத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள், ஒரு மாதத்தில் இரண்டு வகை மனிதர்களாக மாறிவிட்டார்களா? ஒருத்தன் முரடன், ஒருத்தன் வெள்ளந்தி என்று ரத்தமே பிரிந்துவிட்டதா?

மாறியது தலைவர்களின் பிம்பம். தொண்டனின் குணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் தலைவரின் பிம்பத்தை ஜெராக்ஸ் எடுத்தது. எம்ஜிஆர் திரையில் சிரித்தார், அள்ளிக் கொடுத்தார், தாயைக் கும்பிட்டார். ஆகவே அவர் ஆட்கள் இளகிய மனசுக்காரர்கள். கருணாநிதி வசனம் எழுதினார், சட்டமன்றத்தில் சொல்லுக்குச் சொல் மடக்கினார். ஆகவே அவர் ஆட்கள் வாயாடிகள். மணிரத்னத்தின் 'இருவர்' (1997) இந்தப் பிரிவினையை எவ்வளவு அழகாகப் படம்பிடித்தது என்று எல்லோருக்கும் தெரியும். மோகன்லாலின் ஆனந்தன் உடம்பும் சிரிப்பும். பிரகாஷ்ராஜின் தமிழ்ச்செல்வன் சொல்லும் இறுக்கமும். படம் இரண்டு நண்பர்களின் கதையாக நெஞ்சைத் தொடுகிறது. ஆனா அதில் கூட்டத்தைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான தலைகள், அலை அலையாகக் கைகள். ஒரு தொண்டனுக்குக்கூட வீடு இல்லை, பெயர் இல்லை, இந்தக் கட்சிக்கு ஏன் வந்தான் என்று ஒரு காரணம் இல்லை. குணம் இரண்டு பேருக்குத்தான். மிச்ச ஜனம் அந்தக் குணத்தின் நிழல்.

படத்தை விடுங்கள், ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்? நரேந்திர சுப்பிரமணியன் 1999இல் வெளியான தன் நூலில் இரண்டு கழகங்களின் வெகுஜன அரசியலையும் பிரித்துக் காட்டினார். திமுகவினுடையது உரிமையைக் கேட்டு வாங்கச் சொல்கிற வகை. எம்ஜிஆருடையது, நான் பார்த்துக்கிறேன் என்று அரவணைக்கிற வகை. முதலாவது, ஓரளவு படித்து மேலே வரத் துடித்த இடைநிலைச் சாதி இளைஞர்களை இழுத்தது. இரண்டாவது, பரம ஏழைகளையும் பெண்களையும் இழுத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் டீக்கடை ஜாதகத்தையே பல்கலைக்கழக மொழியில் சொன்ன மாதிரி இருக்கும். ஆனால் அவர் சொல்வது ஆட்களின் பிறவிக்குணத்தை அல்ல. ஒரு கட்சி தன்னிடம் வருகிறவனுக்கு என்ன வேலை கொடுக்கிறது, எப்படிப் பேசக் கற்றுத்தருகிறது என்பதை.

வாய் ஜாஸ்தி என்பதையே எடுத்துக்கொள்வோம். அது பயிற்சி. திமுக வளர்ந்தது படிப்பகத்தில், மாணவர் மன்றத்தில், பேச்சுப்போட்டியில், தெருமுனைக் கூட்டத்தில். பெர்னார்டு பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரையில் தங்கி ஆய்வுசெய்து எழுதிய நூல் (2009) மேடைத்தமிழைப் பற்றியது. திராவிட இயக்கத்து மேடையில் ஒலித்த செந்தமிழ் ஆதியிலிருந்து வந்த மரபு அல்ல, இருபதாம் நூற்றாண்டில் உருவான புதுப்பாணி என்று காட்டுகிறார். அதற்குமுன் பேசவே கூடாது என்று வைக்கப்பட்டிருந்தவன் மைக்கைப் பிடித்தான். அதுவரை மைக் வைத்திருந்தவர்களுக்கு அது 'வாய்' என்று பட்டது. ஒருவன் பேச்சை இன்னொருவன் எந்தப் பெயரால் அழைக்கிறான் என்பதில் குணத்தைவிடச் சாதியும் வர்க்கமும் அதிகம்.

இதே மேடைதான் ஆபாசமும் பேசியது என்பதையும் மறைக்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் பெண்கள் எழுந்து போகும்படிப் பேசிய நட்சத்திரப் பேச்சாளர்கள் எல்லாக் கழகங்களிலும் இருந்தார்கள். அண்ணாதுரை தன் கட்சிக்குக் கொடுத்த மூன்று சொற்களில் நடுச்சொல் கண்ணியம். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு. அதே கட்சி மேடையிலும் அதிலிருந்து பிரிந்த கட்சி மேடையிலும் கண்ணியம் எத்தனை முறை துண்டு விரித்துப் படுத்திருக்கிறது! ஆனால் அதைச் செய்தவர் பக்கத்துக் கட்சியில் இருந்தால் அது 'அவங்க புத்தி'. நம்ம கட்சியில் இருந்தால் அது 'ஒருத்தர் செஞ்ச தப்பு'.

*

இந்த இரட்டைக் கணக்குதான் விஷயமே. ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை. தர்மபுரி அருகே, சுற்றுலா வந்த வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸை அதிமுகவினர் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் செத்தார்கள்.

2007 மே 9. யார் கருணாநிதியின் அரசியல் வாரிசு என்று ஒரு கருத்துக்கணிப்பை 'தினகரன்' வெளியிட்டது. மதுரையில் மு.க. அழகிரியின் ஆதரவாளர்கள் அந்த நாளிதழ் அலுவலகத்தைத் தாக்கிப் பெட்ரோல் குண்டு வீசினார்கள். மூன்று ஊழியர்கள் செத்தார்கள்.

மூன்றும் மூன்றும். ஒன்று 'வெள்ளந்தி'களின் கட்சி, மற்றது 'பகுத்தறிவு' பேசும் கட்சி. இப்போ ஒரு தீவிர திமுக அனுதாபியிடம் அதிமுகவின் குணத்தைப் பற்றிக் கேளுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் தர்மபுரி வரும். அதிமுக அனுதாபியிடம் திமுகவைப் பற்றிக் கேளுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் மதுரை வரும். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். பாதி உண்மை. தர்மபுரி வழக்கில் தூக்குத்தண்டனை பெற்ற மூவருக்கு அது ஆயுளாகக் குறைக்கப்பட்டு, 2018இல் எம்ஜிஆர் நூற்றாண்டை ஒட்டிய விடுதலையில் வெளியே வந்தார்கள். மதுரை வழக்கில் கீழ்க்கோர்ட்டு எல்லோரையும் விடுவித்து, 2019இல்தான் உயர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. குணத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இருந்ததில், அதிகாரம் தன் ஆட்களை எப்படிப் பாதுகாக்கிறது என்கிற பொதுக்கேள்வி யாருக்கும் சொந்தமில்லாமல் அனாதையாக நிற்கிறது.

1989 மார்ச் 25 சட்டமன்றம் இன்னொரு உதாரணம். பட்ஜெட் நாள். முதல்வர் கருணாநிதியின் கண்ணாடி உடைந்தது, ஜெயலலிதாவின் சேலை இழுக்கப்பட்டது என்று இரண்டு கதைகள். முப்பத்தைந்து வருஷம் தாண்டியும் ஒரு தரப்பு கண்ணாடிக் கதையில் நிற்கிறது, இன்னொரு தரப்பு சேலைக் கதையில் நிற்கிறது. 1951இல் அமெரிக்காவில் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரி அணிகளுக்கிடையே ஒரு முரட்டு ஃபுட்பால் ஆட்டம் நடந்தது. பிறகு இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் ஒரே படச்சுருளைப் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள் ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள். டார்ட்மத் செய்த தப்புகள் பிரின்ஸ்டன் மாணவர்களின் கணக்கில் டார்ட்மத் மாணவர்களின் கணக்கைப்போல இரண்டு மடங்குக்கு மேல். 1954இல் வந்த அந்த ஆய்வில் முக்கியமானது, யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என்பது. அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒரே ஃபிலிம், இரண்டு ஆட்டம்.

*

கட்சிக்கு ஒரு குணம் என்கிற கோட்பாட்டை ஒரே அடியில் சாய்க்கிற ஆதாரம் ஒன்று இருக்கிறது. 2021 திமுக அமைச்சரவை. எ.வ. வேலு, எஸ். முத்துசாமி, கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், எஸ். ரகுபதி, அனிதா ராதாகிருஷ்ணன், ராஜகண்ணப்பன், சேகர்பாபு, செந்தில்பாலாஜி. எல்லோரும் ஒருகாலத்தில் அதிமுக. பலர் எம்ஜிஆரிடமோ ஜெயலலிதாவிடமோ அமைச்சராக இருந்தவர்கள். அம்மா முன்னால் குனிந்ததும் அதே முதுகு, அறிவாலயத்தில் நிமிர்ந்ததும் அதே முதுகு. வேட்டியில் வெள்ளை இழையை உருவிவிட்டால் குணம் மாறுமா? மாறும் என்றால் குணம் ஆளிடம் இல்லை, அமைப்பிடம் இருக்கிறது. மாறாது என்றால் நம் ஜாதகம் பொய். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் டீக்கடைத் தீர்ப்பு செல்லாது.

'அடிமை'க் கதைக்கும் இதே கதிதான். 2014 செப்டம்பரில் ஜெயலலிதா சிறை போனபோது பதவியேற்ற அமைச்சர்கள் மேடையில் அழுதார்கள். நாடே சிரித்தது. 2016 டிசம்பர் 5இல் அவர் இறந்தார். 2017 பிப்ரவரி 7 இரவு ஓ. பன்னீர்செல்வம் மெரினா சமாதியில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார். பணிவின் மறுபெயர் என்று கிண்டலடிக்கப்பட்டவர் எழுந்து கலகம் பேசினார். கட்சி இரண்டாக உடைந்தது. இத்தனை வருஷப் பணிவு இரண்டு மாதத்தில் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அது எப்போதுமே சுபாவமாக இருக்கவில்லை. மேலே ஒருவர் கையில் சீட்டும் பதவியும் முழுசாக இருக்கும்போது கீழே இருப்பவர் எப்படி நிற்கவேண்டுமோ அப்படி நின்றார்கள். கம்பெனியில் அப்ரைசல் மாதத்தில் நாம் மேனேஜர் முன் நிற்கிற மாதிரி.

சரி, அப்போ கட்சிகளுக்கிடையே வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. எதிர்ப்பேச்சை ஒரு கட்சி எவ்வளவு சகிக்கிறது, தலைவரின் தவறை மேடையில் சொல்ல முடியுமா, அசிங்கமாகப் பேசிய பேச்சாளருக்கு அடுத்த மேடை கிடைக்கிறதா, இதெல்லாம் கட்சிக்குக் கட்சி மாறும், அளந்து பேசலாம், பேசவேண்டும். ஆனால் அந்தக் கேள்விகள் தலைமையைப் பார்த்துக் கேட்கப்படுபவை. 'அவனுங்க அப்படித்தான்' என்பது கேள்வியைத் தலைமையிலிருந்து இறக்கி, போஸ்டர் ஒட்டுகிறவன் தலையில் வைத்துவிடுகிறது.

*

இலக்கியத்துக்கு வருவோம். நம் சிறுபத்திரிகை மரபு கட்சிக்காரனை எப்படிப் பார்த்தது? பெரும்பாலும் பார்க்கவில்லை. பார்த்த இடத்தில் அவன் கோமாளி, இல்லாவிட்டால் வசூல்காரன். அரசியலைக் குணத்தால் விளக்குகிற பழக்கம் மட்டும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது.

அதற்கு மிகப்பெரிய உதாரணம் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதை அடிப்படையாகக் கொண்டது. செத்தவர்கள் செங்கொடிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எதிர்த்தரப்பு நெல் உற்பத்தியாளர் சங்கத்து மிராசுதாரர்கள். நாவல் அந்தப் பண்ணையாரை, கண்ணையா நாயுடுவை, ஆண்மையின்மையால் சிதைந்த மனம் கொண்டவராகச் சித்தரித்தது. கூலி உயர்வுக் கோரிக்கையும் கொடியும் சாதியும் ஒரு தனிமனிதனின் உளச்சிக்கலுக்குப் பின்னால் போய்விட்டன என்று இடதுசாரிகள் அப்போதே கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றே படுகிறது. நாவலின் கலைத்திறனைப் பற்றி அல்ல பேச்சு. கொடுமை செய்தவனிடம் ஒரு விசேஷமான கெட்ட குணத்தைத் தேடுகிற நம் ஆசையைப் பற்றி. அப்படி ஒரு குணம் கிடைத்துவிட்டால், அது இல்லாத மிச்ச மிராசுதாரர்கள் எல்லாம் தப்பித்துவிடுவார்கள்.

நிஜத்தில் அப்படித்தான் தப்பித்தார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று இன்றுவரை பேசப்படுகிறது. நிலபுலன் உள்ள பணக்காரர்கள், அவர்களில் கார் வைத்திருப்பவரும் உண்டு, அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய் வீடுகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற தொனியில் அது இருந்தது. கண்ணியமானவர்கள், ஆகவே செய்திருக்கமாட்டார்கள். குணப்பட்டியல் டீக்கடையில் இருந்தால் சிரிப்பு. நீதிமன்றத்துக்குள் போனால் 44 உயிருக்குப் பதில் இல்லாமல் போகிறது.

நாகரிகம் என்று நாம் சொல்வது எப்போதும் கொஞ்சம் சட்டைத்துணியைப் பார்த்தே சொல்வது. மைக்கில் கெட்டவார்த்தை பேசுகிறவன் அநாகரிகன் என்று உடனே தெரிகிறது. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் 'நீங்க என்ன ஆளுங்க' என்று குரலை உயர்த்தாமல், காபி கொடுத்துக் கேட்கிறவரின் அநாகரிகம் நமக்குத் தெரிவதே இல்லை. கட்சிக்காரர்களை எல்லாம் ஒட்டுமொத்தமாக முகம் சுளித்துப் பார்க்கிற 'நடுநிலை'யிலும் இந்தக் காபி வாசம் உண்டு. எனக்குக் கட்சி கிடையாதுப்பா என்று சொல்ல முடிவதே ஒரு வசதி. ரேஷன் கார்டுக்கும் ஆஸ்பத்திரி சிபாரிசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வட்டச்செயலாளர் தேவைப்படாத வாழ்க்கை அமைந்தவர்களின் வசதி.

இமையத்தின் 'வாழ்க வாழ்க' குறுநாவல் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. பொதுக்கூட்டத்துக்குப் பணம் கொடுத்து வேனில் ஏற்றிக்கொண்டு போகப்படும் பெண்கள், தலைவி ஹெலிகாப்டரில் வரும்வரை வெயிலில் காத்திருக்கிறார்கள். கதை அவ்வளவுதான். கட்சிக் கூட்டம் என்ற ஒற்றைப் பிண்டத்துக்குள் தாகமும் எரிச்சலும் குசும்பும் கடனும் உள்ள தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். இமையம் வெளிப்படையான திமுககாரர். கதையில் இருப்பது எதிர்க்கட்சிக் கூட்டம் என்று வாசகனுக்குப் புரியாமல் போகாது. ஆனாலும் வந்த பெண்களை அவர் 'அடிமைக் கூட்டம்' என்று எழுதவில்லை. கூலி இல்லாத ஒரு நாளைக்குக் கூலியாக ஒரு கூட்டம் வருகிறது என்று எழுதுகிறார். கோபம் மேலே போகிறது, மனிதர்கள் கீழே மனிதர்களாகவே நிற்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரனைப் பற்றி எழுத விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் சமீபத்தில் இல்லை.

*

இது இலக்கிய விவகாரம் மட்டும் இல்லை. 2016 ஏப்ரலில் விருத்தாசலத்தில் ஜெயலலிதா பங்கேற்ற பிரசாரக் கூட்டத்துக்கு வந்த இருவர் வெயிலில் செத்தார்கள். 2025 செப்டம்பர் 27 கரூரில் விஜய் கூட்டத்து நெரிசலில் 41 பேர் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அன்று ராத்திரியே போன் திரையில் ஓடிய சொல் என்ன என்று யோசித்துப் பாருங்கள். தற்குறிகள். யாரு இவங்களைப் போகச் சொன்னா? கட்சியைக் கேட்கவேண்டிய கேள்வி, போலீசைக் கேட்கவேண்டிய கேள்வி, இடம் ஒதுக்கியவர்களைக் கேட்கவேண்டிய கேள்வி எல்லாம் வரிசையில் நிற்கும்போது, செத்தவர்களின் குணம் முதலில் விசாரிக்கப்பட்டது. 'அவங்க அப்படித்தான்' என்ற வாக்கியம் கடைசியில் செய்கிற வேலை இது. யாருக்காகத் துக்கப்படலாம், யாருக்காகத் துக்கப்படத் தேவையில்லை என்று பிரித்துக் கொடுக்கிறது.

தற்குறி என்ற சொல்லுக்கு அகராதியில் போய்ப் பார்க்கலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் பத்திரத்தில் இடும் அடையாளம், அப்படி இடுகிறவர். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் இந்த நாடு ஓட்டுப்பெட்டியில் சின்னத்தை வைத்தது யாருக்காக? அந்தத் தற்குறிகளுக்காக. படிக்கத் தெரியாதவருக்கும் படித்தவருக்கும் ஒரே ஒரு ஓட்டு என்று எழுதிவைத்த அரசியல்சாசனத்தைக் கொண்டாடிவிட்டு, அதே சொல்லை வசையாக வீசுகிறோம்.

இவ்வளவுக்கு நடுவே ஒரு நல்ல படம். மடோன் அஸ்வினின் 'மண்டேலா' (2021). சூரங்குடி என்கிற கிராமம், அப்பா ஒன்று அம்மா வேறான இரண்டு அண்ணன் தம்பி, இரண்டு சாதி, ஒரு ஊராட்சித் தேர்தல். ஓட்டுகள் சமமாகிவிட, ஊரே கேவலமாக நடத்திய முடிதிருத்துபவர் கையில் அந்த ஒரு ஓட்டு வருகிறது. யோகிபாபுவின் அந்தப் பாத்திரத்துக்கு இரண்டு தரப்பும் முதலில் சோறு போடுகிறது, கடை வைத்துக் கொடுக்கிறது, பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. ஓட்டு யாருக்கு என்று அவர் சொல்லாமல் இழுத்ததும் அதே இரண்டு தரப்பும் அடிக்கிறது. வடக்கூரான் நல்லவன், தெக்கூரான் கெட்டவன் என்று படம் எங்கேயும் சொல்லவில்லை. பணிவும் முரட்டுத்தனமும் ஒரே ஆட்களிடமிருந்து, தேவையைப் பொறுத்து வருகின்றன. பார்க்கிற நாம் எந்தத் தரப்பின் குணத்தையும் எழுதிவைத்துக்கொள்ள முடியாமல் தவிக்கிறோம். 'இருவர்' காட்டாமல் விட்ட கூட்டத்துக்குள் கேமரா இறங்கியிருக்கிறது.

அடுத்த முறை டைம்லைனில் யாராவது 'இந்தக் கட்சிக்காரனுங்களே இப்படித்தான்' என்று எழுதினால் அவரோடு சண்டைக்குப் போகவேண்டாம். இரண்டே கேள்வி போதும். இதை அந்தத் தொண்டன் செய்தபோது அவனுக்கு மேலே இருந்தவர் என்ன செய்தார்? உங்கள் கட்சியில் இதே காரியம் நடந்த தேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்குத் தேதியைச் சொல்லத் தெரிந்தவரோடு, அவர் எந்தக் கரை வேட்டி கட்டியிருந்தாலும், உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம்.